மெய்மணி எரியாத ஆழம்

கீழ்வானம் நிலையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் காலை வேளையில் பேச்சு குறைவாகத்தான் இருக்கும். தட்டில் கரண்டி படும் சத்தம், நீராவி அடுப்பின் சீறல், எப்போதாவது ஒரு தும்மல். உப்புமா எப்படி இருக்கிறது என்று சமையற்காரர் யாரையும் கேட்க மாட்டார். அந்தக் கேள்வியே உலகத்தை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. கேட்டால் பதில் வரும். பதிலோடு நிறமும் வரும்.

பிலோமி தன் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போனாள். ஜன்னல் என்றால் சுவரில் இருப்பதல்ல, தரையில் பதித்திருந்த தடித்த கண்ணாடி. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில், கூரையில் தொங்கும் வௌவாலைப் போல அந்த நிலையம் தொங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் கணக்கில்லாத பனி. காலுக்குக் கீழே கடல், எந்தக் காலத்திலும் வெயில் படாத கடல். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் யாரோ முதலில் கீழ்வானம் என்று பெயர் வைத்திருக்க வேண்டும்.

போன வாரக் கப்பலில் வந்திறங்கிய குகதாசன் எதிரே வந்து உட்கார்ந்தார். நெடுந்தீவுக்காரர், ஐம்பது வயதிருக்கும், ஒலியறிஞர். கடலின் அதிர்வுகளைக் கேட்டு எது எங்கே அசைகிறது என்று சொல்வது அவர் வேலை. பிலோமி தூத்துக்குடிக்காரி. நிலையத்தின் மூழ்குகலத்தை ஓட்டுபவள்.

"நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் சேத்துப் போட்டிருக்காவ, சார்," என்றாள் பிலோமி. தொண்டைக்குழியில் தோலுக்கடியில் பதிந்திருந்த அவளது மெய்மணி நீலமாக ஒளிர்ந்து அணைந்தது.

"ஓம், சொன்னவை." அவருடையதும் நீலம்.

"இதுக்கு முன்ன இப்பிடி ஆழத்துல போயிருக்கீயளா?"

"இல்லை." நீலம்.

"பயமா இருக்கா?"

குகதாசன் பதில் சொல்லவில்லை. உப்புமாவை ஒரு பக்கமாக ஒதுக்கிச் சாப்பிட ஆரம்பித்தார். பிலோமியும் மறுபடி கேட்கவில்லை. பதில் சொல்லாமலிருப்பது எல்லாருக்கும் உள்ள உரிமை. அதைக் கேள்வி கேட்பதுதான் மரியாதைக் குறைவு. பள்ளியில் சேர்க்கும் நாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் மெய்மணி பதித்துவிடுவார்கள். அன்றிலிருந்து, நெஞ்சறிந்து உண்மை சொன்னால் நீலம், நெஞ்சறிந்து பொய் சொன்னால் சிவப்பு. நீதிமன்றங்கள் பாதி காலியாகிவிட்டன. கடைகளில் பேரம் இல்லை. ஒருவரோடொருவர் பேசும்போது மனிதர்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொண்டையைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். நம்புவதா வேண்டாமா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. அந்த வேலையை மணி பார்த்துக்கொண்டது.

ஆனால் நாளை அது எரியப் போவதில்லை.

காரணம், கடலுக்குள் இருந்த ஒன்று. நிலையத்தார் அதற்குப் பந்தம் என்று பெயரிட்டிருந்தார்கள், தீப்பந்தம் என்ற பொருளில். தொலைவில் எப்போதாவது ஒரு மெல்லிய வெளிச்சமாகத் தெரியும். நெருங்கினால் மறைந்துவிடும். விளக்கு பிடித்தால் மறையும், கேமரா அனுப்பினால் மறையும், சிறு மின்னோட்டம் பட்டாலே மறைந்துவிடும். அதனால் மின்சாரமே இல்லாத கலம் ஒன்றைக் கட்டினார்கள். மிதித்து ஓட்டும் சுழலி, கையால் சுற்றும் காற்றுத்துருத்தி, தடவிப் பார்க்கும் அளவிகள், பேச்சைப் பதிய ஒரு மெழுகு உருளை. அதற்கு முக்குளிப்பான் என்று பெயர். அதில் போகிறவர்களின் மெய்மணியும் ஒளிரக்கூடாது. மணிச் சட்டத்தைக் காக்கும் மெய்யவை அதற்குச் சிறப்பு அனுமதி தந்திருந்தது.

மறுநாள் மருத்துவர் இருவர் தொண்டையிலும் மணியை எரியவிடாத கறுப்பு ஒட்டு ஒன்றை ஒட்டினார். பிலோமி கண்ணாடியில் பார்த்தாள். உடம்பில் துணியில்லாமல் வெளியே நிற்பதைப் போல இருந்தது அவளுக்கு.

*

முதல் இறக்கத்தில் ஒருவர் பேச்சை மற்றவரால் எடுத்துக்கொள்ளவே முடியவில்லை.

கும்மிருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பிலோமி மிதிகட்டையை மிதித்தபடி, "சார், அழுத்தம் எவ்ளோ இருக்கு?" என்று கேட்டாள்.

குகதாசன் அளவியைத் தடவி எண்ணைச் சொன்னார்.

அவளுக்கு அது எண்ணாகவே படவில்லை. ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார். கடைசியில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, இருக்கையிலிருந்து எழுந்து, அவர் கையை விலக்கித் தானே அளவியைத் தடவிப் பார்த்தாள். அவர் சொன்ன எண்தான்.

"நான் சொன்னது பிழையோ?" என்றார் அவர்.

"இல்ல சார். சரிதான்."

அவள் சொன்னதை அவரும் நம்பவில்லை. அவர் மறுபடி அளவியைத் தடவும் ஓசை கேட்டது. ஒன்றையும் காணாமல், இருவரும் தனித்தனியாக இரண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் போல மேலே வந்து சேர்ந்தார்கள்.

அடுத்தடுத்த இறக்கங்களிலும் பந்தம் வரவில்லை. கலத்தை, நிலையத்தைவிடத் தாழ இறங்கியிருந்த பனிக்கூரையில் கொக்கி போட்டு நிறுத்திவிட்டு, பேச்சும் மூச்சும் தவிர வேறொன்றும் இல்லாமல் காத்திருப்பார்கள். அப்படி ஒரு காத்திருப்பில்தான் குகதாசன் தாமாகவே வாய் திறந்தார்.

"நெடுந்தீவில எங்கட வீட்டுக்கு ஒரு குதிரை வாறது. காட்டுக் குதிரை. விடிஞ்ச உடன வாசல் படலையில வந்து தட்டும். அம்மா பழஞ்சோறு வைப்பா. ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். சோறு இல்லை. குதிரை பாத்துது. கடலுக்க இறங்கி, அக்கரையில குறிகட்டுவான் வரைக்கும் நீந்திப் போய், அங்க மருந்துக்கடை வாசல்ல நிண்டுது."

"நெசமாவா?"

"கடைக்காரர் மருந்தைக் கழுத்தில கட்டி விட்டவர். மிச்சக் காசையும் துணியில முடிஞ்சு விட்டவர்."

பிலோமி வாயைத் திறந்தபடி இருந்தாள். நெடுந்தீவில் குதிரைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். நீந்துமா? மருந்துக்கடை தெரியுமா? அவர் தொண்டையைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

"சார், இது..."

"பொய்," என்றார் குகதாசன். குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. "முழுப் பொய். குதிரை வந்தது மட்டும் மெய்."

பொய் என்ற சொல்லை ஒரு மனிதர் இப்படி மிட்டாயைப் போல வாயில் போட்டுக்கொண்டு சொல்வதை அவள் கேட்டதில்லை. அப்புறம் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. அவருக்கும் தொற்றிக்கொண்டது. அந்தக் கலத்துக்குள் இருவரும் மூச்சுமுட்டச் சிரித்தார்கள்.

அதன்பிறகு அதுவே விளையாட்டாயிற்று. ஒருவர் கதை சொல்ல, மற்றவர் எது மெய் எது பொய் என்று சொல்ல வேண்டும். பிலோமி தன் தாய்மாமன் வலையில் சிக்கிய சங்கு ஒன்று மாதாகோயில் மணியடிக்கிற நேரத்தில் தானாக ஊதிய கதையைச் சொன்னாள். குகதாசன் உடனே, "மாமா மெய், சங்கு பொய்," என்றார். "இல்ல, சங்கு மெய். எனக்கு மாமாவே கெடையாது," என்றாள்.

விளையாட விளையாட, குரலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. களைப்பு ஒரு மாதிரி ஒலிக்கும். சலிப்பு வேறு மாதிரி. குகதாசன் பொய் சொல்லப் போகுமுன் மூக்கால் ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுப்பார், தண்ணீரில் குதிக்கப் போகிறவரைப் போல. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. அவள் பொய் சொல்லும்போது சொற்கள் கொஞ்சம் வேகமாக வரும் என்பதை அவரும் கண்டுகொண்டிருந்தார், சொல்லவில்லை. எப்போது 'சார்' போய் 'அண்ணே' வந்தது, எப்போது 'நீங்கள்' போய் 'பிள்ளை' வந்தது என்று இருவருக்குமே நினைவில்லை. அளவியை அவள் தடவிப் பார்ப்பது நின்றுபோயிருந்தது.

மேலே நிலையத்துக்கு வந்து ஒட்டைப் பிரித்ததும் இருவரும் மௌனமாகிவிடுவார்கள். மணி எரியும் இடத்தில் குதிரை நீந்த முடியாது.

*

பந்தம் வந்த நாளில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கவில்லை. பிலோமி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். இமைக்குள் ஏதோ வெளுப்பது போலிருந்தது. கண்ணைத் திறந்து சாளரத்தில் பார்த்தாள்.

கீழே, வெகு கீழே, ஒரு கோடு. பால் சிந்தினதைப் போல. அது அகன்றது. அகன்றுகொண்டே வந்தது. கோடாக இருந்தது ஆறாகி, ஆறு ஏரியாகி, பிறகு எந்தப் பக்கம் பார்த்தாலும் கரையே இல்லாமல் போயிற்று. பிலோமி இதுவரை வெறும் கறுப்பு என்று நினைத்திருந்த கடல் முழுக்க ஒரே உடலாக ஒளிர்ந்தது. மெல்லிய திரைச்சீலையைப் போல அது மடிந்தும் விரிந்தும் எழுந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் பச்சையும் பொன்னும் ஓடி மறைந்தன. அந்த வெளிச்சத்தில் பனிக்கூரை முதன்முறையாகக் கண்ணில் பட்டது: தலைகீழாகத் தொங்கும் மலைகள், பள்ளத்தாக்குகள், கோயில் தூண்களைப் போன்ற பனித்தூண்கள், பார்வை எட்டும் மட்டும்.

"அண்ணே," என்றாள்.

"பாக்கிறன், பிள்ளை. பாக்கிறன்."

எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று தெரியாது. பிலோமியின் கன்னம் நனைந்திருந்தது. இத்தனை காலம் பார்ப்பாரே இல்லாமல் இது இங்கே எரிந்துகொண்டிருந்திருக்கிறது என்ற எண்ணம் அவளைச் சின்னவளாக்கியது. சின்னவளாவது அவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவள் அறிந்ததில்லை.

அப்போது பனி முறிந்தது.

யூரோப்பாவின் கடலில் பனிக்கட்டி கீழே விழாது, மேலே விழும். ஆழத்தில் தொங்கிய ஒரு தூணின் நுனி உடைந்து, வீடளவு பாளமாக, அடியிலிருந்து மிதந்து ஏறி வந்து கலத்தின் வாலைக் கூரையோடு சேர்த்து அறைந்தது. கலம் குலுங்கியது. பந்தம் ஒரே கணத்தில் அணைந்தது. மீண்டும் இருட்டு.

வால் நசுங்கியிருந்தது. மின்சாரமில்லாத இரசாயன அவசர விளக்கும் வாலில்தான் இருந்தது. நிலையத்தோடு கட்டிய வடத்தை இழுத்துச் சைகை கொடுத்தால் மேலே இருப்பவர்கள் இழுப்பார்கள். ஆனால் வால் மாட்டியிருக்கும்போது இழுத்தால் கலம் பிளந்துவிடும். அவர்கள் திரும்பாததைப் பார்த்து மீட்புக்கலம் வர நேரமாகும். யாராவது வெளியே போய் வாலின் காம்பை ரம்பத்தால் அறுக்க வேண்டும். ஒருவர் உள்ளேயிருந்து துருத்தியைச் சுற்றிக் குழாய் வழியாக அவருக்குக் காற்றுத் தள்ள வேண்டும்.

"நான் போறேன்," என்றாள் பிலோமி. "கலத்தை எனக்குத்தான் தெரியும்."

குகதாசன் மறுத்துப் பேசவில்லை. அவளுடைய நீர்மூழ்கு உடையின் பூட்டுகளை இருட்டில் ஒவ்வொன்றாகத் தடவிச் சரிபார்த்தார். அடிக்கதவைத் திறந்து அவள் கடலுக்குள் இறங்கினாள்.

தடவித் தடவி வாலைக் கண்டுபிடித்து அறுக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் பாளம் லேசாக அசைந்தது. அவள் இடது பாதணி பாளத்துக்கும் வாலுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் வலி முழங்கால் வரை ஏறியது. இனி காம்பு அறுந்தால்தான் அவளுக்கும் விடுதலை. ரம்பம் வழுக்கினால் உடை கிழியும், கிழிந்தால் முடிந்தது.

காற்றுக்குழாயோடு ஓடிய குரல்குழாயில் கேட்டாள். "அண்ணே, வால் உருளையில காத்து இருக்கா? இல்ல, அதுவும் நசுங்கிட்டா?"

கலத்தின் காற்று இரண்டு இடத்தில் இருந்தது. வாலில் இருந்த பெரிய உருளை ஒன்று, அறைக்குள் நிறைந்திருந்தது மற்றொன்று. உருளை போயிருந்தால், துருத்தி தள்ளுவது குகதாசன் மூச்சுவிடும் காற்றை.

மூக்கால் இழுத்த சின்ன மூச்சு.

"உருளைக்கு ஒண்டும் நடக்கேல்லை. காத்து நிறைய இருக்கு. ரெண்டு பேருக்கும் தாராளம். நீ ஆறுதலாச் செய், பிள்ளை. அவசரப்படாத."

பிலோமியின் கை நின்றது.

அந்த நேரத்தில்தான் வெளிச்சம் வந்தது. முதலில் பாசி நிறத்தில் ஒரு மங்கல். பிறகு பந்தத்தின் ஒரு மடிப்பு, மற்ற எல்லாவற்றையும் ஆழத்திலேயே விட்டுவிட்டுத் தனியாக எழுந்து, அவளுக்குப் பத்தடி தூரத்தில் வந்து நின்றது. அதன் மேற்பரப்பில் ஒளி மெதுவாக ஏறி இறங்கியது, உறங்குபவரின் மார்பைப் போல. அது ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. உதவ வந்ததா, வேடிக்கை பார்க்க வந்ததா, இவர்களுடைய குரலின் அதிர்வுக்கு வந்ததா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வெளிச்சத்தில் அவள் தன் காலைக் கண்டாள். ரம்பத்தைக் கண்டாள். காம்புக்கு அப்பால், சப்பிப் போட்ட கரும்பைப் போல நசுங்கிக் கிடந்த காற்றுருளையையும் கண்டாள். அதிலிருந்து கடைசிக் குமிழிகள் கூரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

அவர் சொன்னது பொய்.

அவள் கை தானாகவே தன் காற்றுக்குழாயின் அடைப்பானுக்குப் போயிற்று. அதைத் திருகினால் அவருக்கு மிச்சம் இருக்கும். மீட்புக்கலம் வரும்வரை அவர் தாங்குவார். விரல்கள் அடைப்பானைப் பிடித்தபடி நின்றன.

பிறகு யோசித்தாள். பொய் சொல்லத் தெரிந்த மனிதர் இவர். எந்தப் பொய்யை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று தெரிந்தவர். ஆறுதலாகச் செய் என்கிறார் என்றால், எவ்வளவு ஆறுதலாக என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். தன் மூச்சையும் என் மூச்சையும் சேர்த்துத்தான் போட்டிருப்பார். நான் உண்மையை அறிந்தால் இதைத்தான் செய்வேன், இந்த அடைப்பானில்தான் கை வைப்பேன் என்பதும் அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்தப் பொய்.

பிலோமி அடைப்பானை விட்டுவிட்டு ரம்பத்தை எடுத்தாள்.

"சரிண்ணே. காத்து நல்லா வருது," என்றாள். "எனக்குக் காலு மாட்டிருக்கு, அவ்ளோதான். வலியெல்லாம் இல்ல." சொற்கள் கொஞ்சம் வேகமாக வந்தன.

"ம். வலி இல்லையெண்டால் நல்லது," என்றார் குகதாசன். அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. "அந்தக் குதிரையின்ர மிச்சக் கதையைச் சொல்லவோ?"

"சொல்லுங்க."

அவர் சொன்னார். குதிரை மருந்தோடு திரும்பி வரும் வழியில் ஒரு திருக்கைமீனைச் சந்தித்தது. திருக்கை வழிச்செலவு கேட்டது. சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. துருத்தி மட்டும் ஒரே சீராகச் சுற்றியது. பிலோமி ஒரே சீராக அறுத்தாள். பந்தம் எரிந்தபடி நின்றது. அவசரப்படக் கூடாது என்று கைக்குச் சொல்லிச் சொல்லி, அவர் குரலின் வேகத்துக்கே ரம்பத்தை இழுத்தாள். குதிரை படலையை அடைவதற்குள் குரல் நின்றுவிட்டது. துருத்தி இன்னும் சிறிது நேரம் சுற்றியது. காம்பு அறுந்தது.

அவள் உள்ளே ஏறியபோது, சாளரத்தின் வழியே வந்த ஒளியில் குகதாசன் துருத்தியின் கைப்பிடியைப் பிடித்தபடியே சாய்ந்து கிடந்தார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பிலோமி தலைக்கவசத்தைக் கழற்றி, தன் உடையின் காற்றுப்பையில் தங்கியிருந்த காற்றை, அவர் கொடுத்த காற்றையே, அவர் முகத்தருகே திறந்துவிட்டாள். வடத்தை இழுத்துச் சைகை கொடுத்தாள். கலம் நகர ஆரம்பித்தது. சற்று நேரம் கழித்து அவர் மார்பு ஏறி இறங்கியது.

*

மெய்யவை சாப்பாட்டுக் கூடத்தில்தான் கூடியது. நிலையத் தலைவி நஸீமா நடுவே உட்கார்ந்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர். கண்டிப்பானவர் என்று பெயர். மெழுகு உருளையை எல்லாரும் கேட்டு முடித்திருந்தார்கள்.

"காற்று நிறைய இருக்கிறது என்று சொன்னீர்கள். அது பொய் என்று தெரிந்தே சொன்னீர்களா?" என்று குகதாசனைக் கேட்டார்.

"ஓம். தெரிஞ்சுதான் சொன்னனான்." நீலம்.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. உடன் வருபவரிடம் காற்றைப் பற்றிப் பொய் சொல்வது குற்றங்களிலெல்லாம் பெரிய குற்றம். ஏமாற்றியவர் இனி ஒருபோதும் கடலில் இறங்க முடியாது. அடுத்த கப்பலில் பூமிக்குத் திருப்பி அனுப்பப்படுவார்.

"பிலோமி, சட்டம் உங்களிடம் ஒரு கேள்விதான் கேட்கிறது. இவர் உங்களை ஏமாற்றினாரா?"

"இல்ல."

நீலம்.

நஸீமா முன்னால் சாய்ந்து பார்த்தார். "மறுபடி சொல்லுங்கள்."

"இல்லம்மா. அவர் என்னை ஏமாத்தல."

நீலம். தெளிவான, நடுக்கமில்லாத நீலம். மருத்துவர் எழுந்து வந்து அவள் மணியைச் சோதித்தார். ஒட்டின் பசை ஏதாவது கெடுத்திருக்குமோ என்று சந்தேகம். அவள் பெயரை மாற்றிச் சொல்லச் சொன்னார், சிவந்தது. சரியாகச் சொல்லச் சொன்னார், நீலமாயிற்று. மணியில் பழுதில்லை.

"அவர் சொன்னது பொய் என்று அப்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆனாலும் நம்பினீர்கள்?"

"நம்புனேன்."

"தெரிந்தே ஒரு பொய்யை எப்படி நம்ப முடியும்?"

பிலோமி சொற்களைத் தேடினாள். அந்த மேசையில் இதற்கு முன் யாரும் இதைச் சொல்ல வேண்டி வந்ததில்லை. "பொய்ய நம்பலம்மா. அவரத்தான் நம்புனேன்."

எல்லார் கண்ணும் அவள் தொண்டையில் இருந்தது. நீலம் அணையவே இல்லை, அவள் பேசி முடித்த பிறகும் சிறிது நேரம் நின்று எரிந்தது.

நஸீமா மெழுகு உருளையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, ஏமாற்றப்பட்டவர் எவரும் இல்லாததால் ஏமாற்றியவரும் இல்லை என்று தீர்ப்பெழுதச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் முகத்தில் இருந்தது கோபமா வேறெதுவுமா என்று யாருக்கும் புரியவில்லை. முகத்தைப் படிக்க அங்கே யாருக்கும் பழக்கமில்லை.

பிலோமியின் கால் ஆறி, கலத்துக்குப் புது வால் பூட்டி, அவர்கள் மறுபடி இறங்கத் தயாரானபோது, கதவருகே நஸீமா நின்றிருந்தார். தொண்டையில் கறுப்பு ஒட்டு.

"நானும் வருகிறேன். மூன்றாவது இருக்கை இருக்கிறதல்லவா?"

வழி நெடுக அவர் வாயைத் திறக்கவில்லை. கூரையில் கொக்கி போட்டுக் காத்திருக்கத் தொடங்கிய பிறகும் பேசவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது. முதல் தடவை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்த மற்ற இருவரும் அவரை அப்படியே விட்டுவிட்டார்கள்.

"எனக்கு ஒரு மக இருக்கா," என்றார் நஸீமா திடீரென்று. மேசைக்குப் பின்னாலிருந்து வரும் குரலாக அது இல்லை. "ஆறு வயசுல விட்டுட்டு வந்தேன். நம்ம ஊர்ல போறேன்னு சொல்ல மாட்டோமே. போயிட்டு வாறேன்னுதான சொல்லணும். கப்பலடியில அவ என் கழுத்தையே பாத்துக்கிட்டு நின்னா. இவ்ளோ தூரம் வந்தவங்கள்ல பாதிப் பேரு திரும்பல. எனக்கு நம்பிக்கை இல்ல. சொன்னா செவந்துரும். அதனால ஒண்ணுமே சொல்லாம ஏறிட்டேன்."

பனிக்கூரை எங்கோ முனகியது.

"போயிட்டு வாறேன், கண்ணு," என்றார் நஸீமா இருட்டைப் பார்த்து. மிக மெதுவாக, சொல்லிப் பழகுகிறவரைப் போல. பிறகு இன்னொரு தடவை, சத்தமாக. "உன் உம்மா போயிட்டு வாறேன்."

"வருவீங்கள்," என்றார் குகதாசன்.

பிலோமி கையை நீட்டித் தேடினாள். நஸீமாவின் கை சில்லென்று இருந்தது. அது அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டது. மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், கீழே, வெகு கீழே, பால் சிந்தினதைப் போல ஒரு கோடு வெளுக்கத் தொடங்கும்வரை.